ஆகனில் ஒரு வாரம்: படிக்க வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் திண்டுக்கல்காரி. ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ஆகன் நகரில் இயந்திரப் பொறியியல் முதுநிலை படிக்கிறேன். இது நான்காவது செமஸ்டர். ஏப்ரலிலும் அக்டோபரிலும் பெட்டியோடு வந்து இறங்கும் தம்பி தங்கைகள் கேட்பதும், போனில் அம்மாவும் சித்தியும் கேட்பதும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். ஒவ்வொரு முறையும் பாதி சொல்லிப் பாதி விட்டுவிடுகிறேன். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஆகன் எங்கே இருக்கிறது? பெர்லினுக்குப் பக்கமா?

பெர்லினுக்கு நேர் எதிர்க் கோடி. நெதர்லாந்தும் பெல்ஜியமும் ஜெர்மனியைத் தொடும் மூலையில் இருக்கிறது. கொலோன் நகரத்திலிருந்து சாதாரண ரயிலில் ஒரு மணி நேரம். ரோமானியர்கள் வெந்நீர் ஊற்றுக்காக வந்து தங்கிய ஊர். அந்த ஊற்றுகளில் சில இன்றும் 70 பாகைக்கு மேல் கொதிப்போடு வெளியே வருகின்றன. ஊர் நடுவில் எலீசன்புருன்னன் என்று தூண் வைத்த மண்டபம் ஒன்று உண்டு. அங்கே குழாயில் விழும் தண்ணீரின் கந்தக நாற்றம் முதல் நாள் முகத்தைச் சுளிக்க வைக்கும். ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, வந்து சேர்ந்துவிட்டோம் என்று எனக்குச் சொல்வது அந்த வாசனைதான்.

வார நாள் எப்படிப் போகும்? காலையிலிருந்து சொல்லுங்களேன்.

குளிர்காலத்தில் எட்டரை மணி வகுப்புக்கு இருட்டில்தான் கிளம்ப வேண்டும். டிசம்பரில் சூரியன் எழவே எட்டரை ஆகிவிடுகிறது, மாலை நாலரைக்கெல்லாம் அடங்கிவிடுகிறது. இரண்டு வகுப்பு முடித்து வெளியே வந்தால்தான் அன்றைய வெளிச்சம் கண்ணில் படும்.

வகுப்பில் யாரும் எழுந்து நின்று வணக்கம் சொல்வதில்லை. பேராசிரியர் பாடத்தை முடித்ததும் எல்லோரும் கைவிரல்களை மடக்கி மேசையைத் தட்டுவார்கள். முதல் தடவை எனக்குத் திக்கென்றது, ஏதோ எதிர்ப்பு என்று நினைத்தேன். அது இங்கத்திய கைத்தட்டல். முந்நூறு பேர் சேர்ந்து தட்டும்போது மரமேசை வழியாக அந்த அதிர்வு முழங்கைக்கு ஏறும். இப்போது நல்ல வகுப்பு ஒன்று முடிந்தால் என் கை தானாகத் தட்டுகிறது.

மதியம் மென்சா. மாணவர் உணவகத்தை இங்கே அப்படித்தான் சொல்கிறோம், தமிழ்ப் பையன்களும் "மச்சான், மென்சா போலாமா" என்றுதான் கூப்பிடுவார்கள். சைவ உணவு தினமும் ஏதாவது இருக்கும், காரம்தான் இருக்காது. பையில் சின்ன டப்பாவில் இட்லிப்பொடி வைத்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கு எந்த வடிவத்தில் வந்தாலும் அது காப்பாற்றும்.

பிறகு பயிற்சி வகுப்பு, லேப், நூலகம். ஏழு மணிக்குப் பொன்ட்ஷ்ட்ராசே வழியாக நடந்து வருவேன். மாணவர்கள் கூடும் தெரு அது. அதன் கடைசியில் பழைய நகரத்தின் கோட்டை வாசல், பொன்ட்டோர், அப்படியே நிற்கிறது. கல்லால் ஆன அந்த வாசலைத் தாண்டித்தான் நான் தினமும் வீட்டுக்குப் போகிறேன். இதைச் சுற்றுலா என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் இரண்டு வருடத்தில் நான் அதிகம் பார்த்த ஐரோப்பா அந்த வாசல்தான்.

வருகைப்பதிவே கிடையாதாமே? அப்படியென்றால் வியாழனே ஊர் சுற்றக் கிளம்பலாமா?

பெரும்பாலான விரிவுரைகளுக்கு வருகைப்பதிவு இல்லை என்பது உண்மை. மாதாந்தரத் தேர்வு கிடையாது, வீட்டுக்குக் கடிதம் போகாது, ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இல்லை. செமஸ்டர் முடிவில் வரும் ஒரே எழுத்துத் தேர்வுதான் பல பாடங்களின் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும். 1.0 முதலிடம், 4.0 கடைசித் தேர்ச்சி, 5.0 தோல்வி. ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் படிப்பே கேள்விக்குறியாகிவிடும்.

முதல் செமஸ்டரில் நான் செய்ததைச் சொல்கிறேன். நவம்பர் மாதம், வெள்ளி இரவு பஸ் ஏறி பாரிஸ், அங்கிருந்து பிரசல்ஸ், ஞாயிறு இரவு திரும்புவது என்று நான்கு பேர் திட்டம் போட்டோம். திங்கள் காலை எட்டரைக்கு லேப் நுழைவுத் தேர்வு. திரும்பும் பஸ் வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை. நெடுஞ்சாலை ஓரம் ஒரு பெட்ரோல் நிலையத்தில், குளிரில், மூன்று மணி நேரம் நின்றோம். ஆகனில் இறங்கியபோது மணி ஒன்பதே கால். அந்த லேப் குளிர்கால செமஸ்டரில் மட்டும்தான் நடக்கும், அதனால் ஒரு வருடம் காத்திருந்தேன். பாரிசில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் போனில் இருக்கும் படங்களைப் பார்த்துத்தான் சொல்ல முடிகிறது. அந்தப் பெட்ரோல் நிலையத்தின் மஞ்சள் விளக்கு மட்டும் படமில்லாமலே நினைவிருக்கிறது.

அப்படியானால் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் போகவே கூடாதா?

போங்கள். தேர்வு முடிந்த பிறகு போங்கள். பாரிஸ் போகும் அதிவேக ரயில் ஆகனிலேயே நிற்கும். பிரசல்ஸ் ஒரு மணி நேரச் சொச்சம், பாரிஸ் மூன்று மணி நேரத்துக்குள். டிக்கெட்டைப் பல வாரம் முன்னால் எடுத்தால் விலை தாங்கும், கடைசி நாளில் எடுத்தால் மாதச் சாப்பாட்டுக் காசு போய்விடும். விசா விண்ணப்பத்துக்காக முடக்கக் கணக்கில் 11,904 யூரோ கட்டிவிட்டு வந்திருப்பீர்கள். அது மாதம் 992 யூரோவாகத்தான் கைக்கு வரும். வாடகை, காப்பீடு போக மிஞ்சுவதை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

வந்த வருடமே பத்து நாடு என்று எண்ணிக்கை வைத்துக்கொண்டு ஓடுவதுதான் எனக்கு உடன்பாடில்லை. வந்து சேர்ந்த ஊரைச் சுற்றி இருபது கிலோமீட்டரை முதலில் காலால் தெரிந்துகொள்ளுங்கள். ஆகன் மாதிரி ஊரில் அதுவே மூன்று நாடு.

ஞாயிற்றுக்கிழமை கடையெல்லாம் மூடியிருக்குமா?

மூடியிருக்கும். ஞாயிறு ஓய்வு நாள் என்பதை ஜெர்மனியின் அரசியல் சட்டமே காக்கிறது. 1919ஆம் ஆண்டு வைமார் அரசியல் சட்டத்தில் இருந்த பிரிவை இப்போதைய சட்டமும் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. காலையில் சில மணி நேரம் ரொட்டிக் கடை திறக்கும், ரயில் நிலையத்தில் ஓரிரண்டு கடை இருக்கும். அவ்வளவுதான். சுவரில் ஆணி அடித்தால்கூடப் பக்கத்து வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டுவார். ஈஸ்டரில் இன்னும் கவனம் வேண்டும்: வெள்ளி மூடல், சனி திறப்பு, ஞாயிறும் திங்களும் மூடல். வந்த முதல் ஈஸ்டரில் என் அறையில் அரிசி இருந்தது, பருப்பு இல்லை. ஊறுகாயும் தயிருமாக ஓட்டினேன்.

ஆகன்காரர்களுக்கு மட்டும் ஒரு வழி உண்டு. ஏறக்குறைய 5 கிலோமீட்டரில் வால்ஸ் என்ற நெதர்லாந்துச் சிற்றூர். அங்கே ஞாயிறும் சூப்பர் மார்க்கெட் திறந்திருக்கும். நகரப் பேருந்தே போகும், நான் பெரும்பாலும் நடப்பேன். சாலையில் எல்லை வருவது தெரியவே தெரியாது. வண்டிகளின் எண்பலகை மஞ்சளாக மாறும், சைக்கிள் பாதை அகலமாகும், பால் பாக்கெட்டில் மொழி மாறும். அவ்வளவுதான் நாடு மாறியதற்கு அடையாளம். பால் வாங்க வெளிநாடு போய்வருகிறாள் என்று சித்தி தெருவில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள்.

பாஸ்போர்ட்டும் வதிவிட அட்டையும் பையில் இருக்கட்டும். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்தது. பஸ்ஸில் ஏறிப் பார்ப்பார்கள். பால் வாங்கத்தானே போனேன் என்று சொல்லி ஒப்பேற்ற முடியாது.

மூன்று நாடுகள் சந்திக்கும் இடம் என்கிறார்களே, அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

வால்ஸ் ஊரிலிருந்து மரங்களுக்கு நடுவே இரண்டு மூன்று கிலோமீட்டர் ஏற்றம். உச்சி 322 மீட்டர், ஐரோப்பாவில் இருக்கும் நெதர்லாந்தின் மிக உயரமான இடம். சிறுமலையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது ஒரு மேடுதான். ஆனால் தட்டை நிலத்து மனிதர்கள் அங்கே குடும்பத்தோடு வந்து, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு "மலை" பார்ப்பதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கும்.

உச்சியில் ஒரு கல் தூண். அதைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தால் பெல்ஜியம், ஜெர்மனி, நெதர்லாந்து மூன்றையும் மிதித்துவிடலாம். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். நான் சொல்ல விரும்புவது அந்த இடத்தில் ஒரு காலத்தில் நான்கு இருந்த கதையை.

நெப்போலியன் வீழ்ந்த பிறகு, அன்றைய ஜெர்மானிய அரசான பிரஷ்யாவும் நெதர்லாந்தும் எல்லை பிரித்தபோது நடுவே ஒரு துத்தநாகச் சுரங்கம் இருந்தது. இரண்டு பேருக்கும் அது வேண்டும், இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. 1816இல் சுரங்கத்தைச் சுற்றிய மூன்றரைச் சதுர கிலோமீட்டரை யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று விட்டுவிட்டார்கள். நடுநிலை மொரஸ்னெட் என்று பெயர். பெல்ஜியம் தனி நாடான பிறகு நெதர்லாந்தின் இடத்துக்கு அது வந்தது. 1885இல் சுரங்கத்தில் துத்தநாகம் தீர்ந்துபோனது. சண்டைக்குக் காரணமான பொருளே இல்லை, நிலம் மட்டும் யாருக்கும் இல்லாமல் தொடர்ந்தது. 1908இல் சுரங்க மருத்துவர் ஒருவரும் நண்பர்களும் சேர்ந்து அதை எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழி பேசும் நாடாக்கப் பார்த்தார்கள். அமிகேயோ என்று பெயர் வைத்தார்கள். நண்பர்கள் கூடும் இடம் என்று பொருள். முதல் உலகப் போருக்குப் பின் 1920இல் அது பெல்ஜியத்தோடு சேர்ந்துவிட்டது. நூறு வருடத்துக்கு மேல் இருந்த ஒரு நிலம், தூணின் கணக்கிலிருந்து ஒன்றைக் குறைத்துவிட்டுப் போனது.

அந்தத் தூணருகே உட்கார்ந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டிருக்கிறேன். பக்கத்தில் பெல்ஜியக் கடையில் உருளை வறுவல் விற்கும். ஊறுகாயோடு சேர்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள்.

கையில் காசே இல்லாத வார இறுதிக்கு என்ன செய்வது?

செமஸ்டர் கட்டணத்தில் ரயில் பயணச்சீட்டும் அடங்கியிருக்கிறது. ஜெர்மனி முழுக்க நகரப் பேருந்து, டிராம், சாதாரண ரயில் எல்லாவற்றிலும் செல்லும். அதிவேக ரயிலில் செல்லாது. பெட்டியில் ஏறும்முன் ரயிலின் எழுத்தைப் பாருங்கள்: ஆர்.இ., ஆர்.பி., எஸ் என்றால் உங்களுடையது. ஐ.சி.இ. என்றால் இல்லை.

எனக்கு மிகப் பிடித்தது வென்பான். பழைய ரயில் தடத்தைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். ஆகனில் தொடங்கி லக்சம்பர்க் வரை 125 கிலோமீட்டர். ஒரு காலத்தில் நிலக்கரியும் இரும்பும் இழுத்த தடம் என்பதால் ஏற்றம் மெதுவாகத்தான் ஏறும், பழைய சைக்கிளும் தாங்கும். இதிலும் ஒரு விந்தை. முதல் உலகப் போருக்குப் பின் இந்தத் தண்டவாளத்தைப் பெல்ஜியத்துக்குக் கொடுத்தார்கள். அதனால் சில இடங்களில் பாதை மட்டும் பெல்ஜியம், இரண்டு பக்கமும் ஜெர்மனி. பாதைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட ஜெர்மானியத் துண்டு நிலங்கள் 5 இன்றும் இருக்கின்றன. ரயில் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, எல்லைக்கோடு அப்படியே கிடக்கிறது.

முதல் தடவை கோர்னெலிமூன்ஸ்டர் வரை மட்டும் போங்கள். கல் பாவிய தெருவும் பழைய மடமும் உள்ள சின்ன ஊர். போக வர அரை நாள்.

மழை பெய்தால் பேராலயம். பேரரசர் சார்லமேன் கட்டிய எண்கோணக் கூடம் 1200 வருடமாக நிற்கிறது. 814இல் இறந்த அவர் உடலும் அங்கேதான். 1978இல் யுனெஸ்கோ முதன்முதலாகப் பாரம்பரியச் சின்னங்கள் என்று அறிவித்த 12 இடங்களில் இதுவும் ஒன்று. உள்ளே போகக் காசு கேட்பதில்லை. தலையை அண்ணாந்து நடுக்கூடத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

காலி பாட்டில்களைத் தூக்கி எறியாதீர்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட், பீர் பாட்டிலுக்குப் பெரும்பாலும் 8 சென்ட் கடையில் திரும்பக் கிடைக்கும். விடுதியில் யாராவது விருந்து வைத்தால் மறுநாள் பாட்டில் கொண்டுபோக நான் முதல் ஆளாகப் போவேன்.

பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடியுமா?

முடியும். வெளிநாட்டு மாணவருக்கு ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி உண்டு. பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியருக்கு உதவியாளராகச் சேர்ந்தால் அது இந்தக் கணக்கில் வராது. ஹிவி வேலை என்போம். குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரியிலிருந்து மணிக்கு 13.90 யூரோ. முதல் செமஸ்டரில் வேலை வேண்டாம் என்பது என் கருத்து. மொழியும் பாடமும் பிடிபட ஆறு மாதம் வேண்டும்.

இட்லி, தோசை எல்லாம் கிடைக்குமா?

கிடைக்க வைக்கலாம். கொத்தமல்லி, வெண்டைக்காய், பருப்பு எல்லாம் துருக்கிக் கடையில், கறிவேப்பிலை ஆசியக் கடையில். மாவு புளிக்க வைப்பதுதான் பாடு. குளிர்காலத்தில் அடுப்புக்குக் கீழிருக்கும் ஓவனுக்குள் மாவுப் பாத்திரத்தை வைத்து, சூடு போடாமல் விளக்கை மட்டும் எரிய விடுங்கள். மறுநாள் காலை பொங்கியிருக்கும். பொதுச் சமையலறை என்றால் ஓவன் கதவில் "உள்ளே மாவு இருக்கிறது" என்று ஜெர்மனில் எழுதி ஒட்டுங்கள். நான் ஒட்ட மறந்த நாளில் பக்கத்து அறைப் பெண் பீட்சாவுக்காக ஓவனைச் சூடு பண்ணிவிட்டாள். அவள் பாவம், கண் கலங்கிவிட்டாள். அடுத்த சனிக்கிழமை அவளுக்குத் தோசை ஊற்றக் கற்றுக்கொடுத்தேன். இப்போது என்னைவிட வட்டமாக ஊற்றுகிறாள்.

பக்கத்தில் கோயில் இருக்கிறதா?

பக்கத்தில் இல்லை, ஆனால் ஒரே ரயிலில் போகலாம். ஆகனில் புறப்படும் ஆர்.இ. 1 ரயில் கொலோன், டூசல்டோர்ஃப், எஸ்சன், டோர்ட்முண்ட் என்று போய் ஹாம் நகரில் முடியும். மூன்று மணி நேரம் பிடிக்கும், செமஸ்டர் சீட்டே போதும். ஹாமின் ஊண்ட்ரோப் பகுதியில், தொழிற்பேட்டை நடுவே, ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில். 2002இல் கும்பாபிஷேகம் ஆனது. ஐரோப்பாவில் தென்னாட்டு முறையில் கட்டிய பெரிய கோயில்களில் ஒன்று. ஈழத்தில் போர் தொடங்கிய பிறகு அகதிகளாக வந்த தமிழர்கள் எழுப்பியது.

நான் முதலில் போனது ஒரு மே மாத இறுதியில், தேர்த்திருவிழா அன்று. பேருந்திலிருந்து இறங்கியதும் நாதஸ்வரம் கேட்டது. ஆறு மாதமாகப் போனில் தவிர எங்கும் கேட்காத சத்தம். கிடங்குகளும் லாரிகளும் நிற்கும் சாலையில் தேர் வருகிறது, ஆயிரக்கணக்கில் சனம், தேங்காய் உடைக்கும் குவியல், காவடி. ஜெர்மானியப் போலீஸ்காரர் வெறுங்காலோடு போகும் பிள்ளைகளுக்காக வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார்.

அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மா திரும்பிப் பார்த்து, "பிள்ளை எவடம்? தனியவோ வந்தனீங்கள்?" என்று கேட்டார். திண்டுக்கல் என்றேன். அவருக்கு ஊர் தெரியவில்லை, பழனிக்குப் பக்கம் என்றதும் முகம் மலர்ந்தது. தாம் 1985இல் வந்ததாகவும், அப்போது சாமி கும்பிட வீட்டுச் சுவரில் மாட்டிய படம் மட்டும்தான் இருந்தது என்றும் சொன்னார். என் தட்டில் தன் வடையையும் வைத்து, "வடிவாச் சாப்பிடுங்கோ" என்றார். திரும்பும் ரயிலில் கொலோன் வரை நான் யாரோடும் பேசவில்லை. மனசு நிறைந்திருந்தது.

அங்கே ஈழத்துக்காரர்களிடம் "நீங்கள் எப்போது ஊருக்குப் போவீர்கள்" என்று சட்டென்று கேட்டுவிடாதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

திருவிழா, விசேஷம்?

பிப்ரவரி வாக்கில் கார்னிவல். அதற்கு முந்தைய வியாழனன்று பெண்கள் கத்தரிக்கோலோடு வந்து ஆண்களின் டையை வெட்டுவார்கள், நல்ல டை கட்டிப் போகாதீர்கள். டிசம்பரில் பேராலயத்தைச் சுற்றிக் கிறிஸ்துமஸ் சந்தை. ஆகனுக்கே உரிய பிரின்டன் என்ற மசாலா ரொட்டி அப்போது எங்கும் கிடைக்கும். கிராம்பு, பட்டை, சோம்பு மணக்கும். கெட்டி வகையைக் கடித்தால் பொருள்விளங்கா உருண்டை நினைவுக்கு வரும். சித்திக்கு ஒரு டப்பா கொண்டுபோனேன், காபியில் நனைத்துச் சாப்பிட்டாள்.

குளிர்காலத்தில் மனசு ரொம்பச் சோர்ந்துபோகும் என்கிறார்களே?

போகும். எனக்கும் போனது. முதல் ஜனவரியில் இரண்டு வாரம் வகுப்புக்குப் போகாமல் அறையிலேயே கிடந்தேன். வீட்டில் சொல்லவில்லை, சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று. அப்படிச் செய்யாதீர்கள். பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கென்று மனநல ஆலோசனை உண்டு, பணம் வாங்குவதில்லை, ஆங்கிலத்திலும் பேசலாம். என்னை எழுப்பியது பக்கத்து அறைப் பெண். தினமும் பகல் பன்னிரண்டுக்கு வந்து கதவைத் தட்டி, வெளிச்சம் இருக்கும்போதே நடக்கக் கூட்டிப்போவாள். புதிதாக வந்த யாரையாவது இரண்டு நாள் மென்சாவில் காணவில்லை என்றால் போய்க் கதவைத் தட்டுங்கள்.

உடம்புக்கு முடியாமல் போனால்?

உயிருக்கு ஆபத்து என்றால் 112. இரவில், ஞாயிறில் காய்ச்சல் மாதிரி என்றால் 116117 அழைத்தால் பணியில் இருக்கும் மருத்துவர் யார் என்று சொல்வார்கள். தேர்வன்று உடம்பு சரியில்லை என்றால் அன்றே மருத்துவச் சான்று வாங்கிவிடுங்கள்.

அம்மா கேட்பது: ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குப் போன் பண்ணுவாய்?

குளிர்காலத்தில் நமக்குள் நாலரை மணி நேர வித்தியாசம், கோடையில் மூன்றரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் இங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள், அன்றைக்குத் தாமதமானால் பதறாதே அம்மா. உனக்கு மாலை நாலு மணிக்குக் கூப்பிடுகிறேன். அந்நேரம் வால்ஸ் சாலையில் பால் பையோடு நடந்துகொண்டிருப்பேன். எந்த நாட்டில் நிற்கிறாய் என்று நீ கேட்பாய், நான் எண்பலகையைப் பார்த்துச் சொல்கிறேன்.